டெயில் லைட்டில் பளிச்சென்று ஒரு தப்பு

"டெயில் லைட் மங்கலா இருக்கா சார்? எல்.இ.டி. போட்டுடுங்க, சும்மா தெறிக்கும்." சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் மட்டுமல்ல, கார் சாமான் விற்கும் எந்த ஊர்க் கடைவீதியிலும் இந்த வசனம் கேட்கும். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்க வருகிறவரே அதை நம்பிக்கொண்டுதான் வருகிறார். பழைய இழை பல்பு காலாவதியான சரக்கு, எல்.இ.டி. என்றால் பிரகாசம், பிரகாசம் என்றால் பாதுகாப்பு, போதாததற்கு பேட்டரியும் மிச்சம். டிக்கியைத் திறந்து ஹோல்டரைத் திருகினால் முடிகிற வேலை. இதற்கு மெக்கானிக் எதற்கு?

இந்த நம்பிக்கையின் ஒவ்வொரு துண்டும் ஏதோ ஓர் இடத்தில் உண்மைதான். எல்லாம் சேர்ந்து உங்கள் காரின் பின்பக்கத்துக்கு வரும்போது பொய்யாகிவிடுகிறது. பெரும்பாலான வண்டிகளில், வீட்டில் மாற்றிய எல்.இ.டி. பல்பு பின்னால் வருகிறவருக்கு முன்பைவிடக் குறைவாகவே சேதி சொல்கிறது. மாற்றியவருக்கு இது தெரிவதே இல்லை. தன் காருக்குப் பின்னால் தானே வண்டி ஓட்டிப் போனவர் உலகத்தில் யாருமில்லை.

எல்.இ.டி.க்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் கொடுத்துவிடுவோம். இழை பல்பு மின்சாரம் பாய்ந்ததும் உடனே எரிந்துவிடாது. கம்பி சூடேறி முழு வெளிச்சத்தை நெருங்க ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். எல்.இ.டி.க்கு அந்தத் தாமதம் கிடையாது. 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருகிற கார் அந்த 0.2 வினாடிக்குள் ஐந்தரை மீட்டர் ஓடிவிடும். ஒரு முழுக் காரின் நீளத்தைவிட அது அதிகம். இது சின்ன விஷயமில்லை. 1998-இல் வந்த மாசெராட்டி 3200 ஜி.டி.யின் பூமராங் வடிவப் பின்விளக்கு எல்.இ.டி.யில் எரிந்தது. இன்று நம் ஊர் ஹேட்ச்பேக்கிலும் கம்பெனியே அதைப் பொருத்தி அனுப்புகிறது. அந்த விளக்குகள்மேல் எனக்கு எந்த வழக்கும் இல்லை. இழைக்காகச் செய்த விளக்குக்குள் எல்.இ.டி.யைத் திணிப்பதுதான் வழக்கு.

டெயில் லைட்டின் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சாலைக்கு வெளிச்சம் காட்டுவது அதன் வேலையே இல்லை. "இங்கே ஒரு வண்டி இருக்கிறது" என்பது ஒரு சேதி. "இந்த வண்டி நிற்கப்போகிறது" என்பது இன்னொன்று. பல கார்களில் இரண்டையும் சொல்வது ஒரே பல்பு, ஒரே சிவப்புக் கண்ணாடி. கடையில் 'டபுள் ஃபிலமென்ட்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் முறையான பெயர் பி21/5டபிள்யூ. உள்ளே 5 வாட்டில் ஓர் இழை, 21 வாட்டில் ஓர் இழை. சின்னது தரும் ஒளி 35 லூமென், பெரியது தருவது 440. பன்னிரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். பல்பின் அடியில் இருக்கும் இரண்டு குமிழ்களும் வேறு வேறு உயரத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தலைகீழாக மாட்டி இரண்டு இழைகளும் இடம் மாறிவிடக் கூடாது என்பதற்காக யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

சர்வதேச விதிகளும் இதே கவலையில் எழுதப்பட்டவைதான். வண்டி இருப்பதைச் சொல்லும் பின்பக்க நிலை விளக்குக்குக் குறைந்தபட்சம் 4 கேண்டெலா, பிரேக் விளக்குக்குக் குறைந்தபட்சம் 60. இரண்டும் ஒரே கண்ணாடிக்குள் இருந்தால், இரண்டும் சேர்ந்து எரிவதற்கும் சின்னது மட்டும் எரிவதற்கும் இடையே ஐந்து மடங்காவது வித்தியாசம் வேண்டும். நிலை விளக்குக்கு மேல்வரம்பும் உண்டு என்பதுதான் நம் ஆட்கள் கவனிக்காத சங்கதி. அது ஓர் அளவுக்கு மேல் பிரகாசமாக இருக்கக் கூடாது. மங்கலாக இருப்பது அதன் குறை இல்லை; பிரேக்கை மிதித்ததும் பளிச்சென்று உயர்வதற்கு இடம் விட்டுவைப்பதற்காகவே அது மங்கலாக இருக்கிறது.

மலிவு எல்.இ.டி. பல்பு கெடுப்பது முதலில் இதைத்தான். டெயில் நிலையிலேயே கண் கூசுகிற அளவுக்கு எரிகிறது. பிரேக்கை மிதித்தால் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். பகலில் வீட்டு வாசலில் நிறுத்தி, மகனைப் பின்னால் நிற்கவைத்து "எரியுதாடா?" என்று கேட்டால் "சூப்பரா எரியுதுப்பா" என்றுதான் பதில் வரும். பையன் மேல் தப்பில்லை, கேள்விதான் தப்பு. இரவில், மழையில், ஜி.எஸ்.டி. ரோட்டில் ஐம்பது மீட்டர் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அந்தக் கார் சும்மா போகிறதா, நிற்கிறதா என்று தெரிய வேண்டும். எப்போதும் பளிச்சென்று எரிகிற விளக்கு அவருக்கு எதையும் சொல்வதில்லை. மூச்சுவிடாமல் கத்துகிறவன் எப்போது ஆபத்து என்று கத்துகிறான் என்று யாருக்குத் தெரியும்?

அடுத்தது ரிஃப்ளெக்டர். பல்புக்குப் பின்னால் இருக்கும் அந்த வெள்ளிப் பூச்சுக் கிண்ணம் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. குமிழிலிருந்து 31.8 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு சின்ன இழை எல்லாப் பக்கமும் ஒளி வீசும் என்ற கணக்கில் அதன் வளைவு செதுக்கப்பட்டிருக்கிறது. இழை அந்த இடத்தில் இருந்தால் கிண்ணம் முழுக்க ஒளிரும். மக்காச்சோளம்போல் சில்லுகள் ஒட்டிய எல்.இ.டி. பல்பில் ஒளி பிறக்கும் இடமும் வேறு, போகும் திசையும் வேறு. நடுவில் ஒரு பொட்டு கொதிக்கிறது. கிண்ணத்தின் ஓரம் இருண்டு கிடக்கிறது. நேர் பின்னால் நின்று பார்த்தால் பிரமாதம். பக்கவாட்டில் வருகிறவருக்கு? நிலை விளக்கு வெளிப்பக்கமாக 80 டிகிரி வரை தெரிய வேண்டும் என்பது விதி. நம் சாலையில் இடப்பக்கச் சந்திலிருந்து நுழைகிற டூவீலர்காரர் பார்க்கிற கோணம் அதுதான்.

வெள்ளை எல்.இ.டி.யை வாங்கிச் சிவப்புக் கண்ணாடிக்குள் மாட்டுகிறவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். "வெள்ளையில் எல்லா நிறமும் இருக்கிறது, கண்ணாடி சிவப்பை மட்டும் விடும்" என்று பள்ளிக்கூட இயற்பியலைக் கூடத் துணைக்கு அழைப்பார்கள். இழை பல்புக்கு அது சரி. அதன் ஒளியில் சிவப்புதான் தாராளம். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் மஞ்சள் பூச்சு பூசிய நீல எல்.இ.டி. நீலத்தில் ஓர் உச்சி, மஞ்சளில் ஒரு மேடு. ஆழ்ந்த சிவப்பில் கொஞ்சம்தான். அட்டையில் அச்சடித்த பெரிய லூமென் கணக்கில் பெரும்பகுதி கண்ணாடியிலேயே செத்துப்போகிறது. கண்ணாடி வெளுத்திருந்தால் மிச்சம் ரோஸ் நிறத்தில் வெளியே வருகிறது. கல்யாண மண்டப வாசலில் தொங்கவிட நல்ல நிறம்.

பல்பு வாங்கி மாட்டுகிறவர்களைவிட, சால்டரிங் கருவியோடு உட்கார்ந்து தாமே எல்.இ.டி. பலகை செய்கிறவர்கள்மேல் எனக்கு மரியாதை அதிகம். குறைந்தபட்சம் அவர்கள் யோசிக்கிறார்கள். ஆனால் அவர்களும் வழுக்கி விழும் இடங்கள் உண்டு. கணக்கை 12 வோல்ட்டுக்குப் போடுகிறார்கள். சிவப்பு எல்.இ.டி. ஐந்தை வரிசையாகக் கோத்தால் சுமார் 10 வோல்ட் போகும். மீதி 2 வோல்ட்டுக்கு 100 ஓம் ரெசிஸ்டர். 20 மில்லி ஆம்பியர், கச்சிதம். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஆல்டர்னேட்டர் 14.4 வரை கொடுக்கிறது. 2 வோல்ட் இருந்த இடத்தில் நான்குக்கு மேல் வருகிறது. மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் மூடிய விளக்குக்குள், காற்றே போகாத இடத்தில், இதைத் தாங்கச் சொன்னால் எந்த எல்.இ.டி. தாங்கும்? வரிசையில் ஒன்று போனால் அந்த வரிசையே அணையும். சாலையில் பாதி எரிந்து பாதி எரியாத பின்விளக்குகள் பார்க்கிறோமே, பலவற்றின் கதை இதுதான்.

இன்னும் பெரிய தப்பு, விளக்கைப் பிளப்பது. ஹீட் கன் வைத்துப் பசையை இளக்கி, கண்ணாடியைக் கழற்றி, உள்ளே எல்.இ.டி. பட்டையை ஒட்டி, மறுபடி சிலிக்கோன் பூசி ஒட்டுகிறார்கள். முதல் மழையில் உள்ளே ஆவி கட்டும் என்பதை விடுங்கள். கண்ணாடியின் ஒரு பகுதியில் தேன்கூடுபோல் நுணுக்கமான முக்கோணப் பள்ளங்கள் இருக்கும். சில கார்களில் அது பம்பரில் தனியாக இருக்கும். எதிரொளிப்பான் அது. மின்சாரமே வேண்டாம், பின்னால் வரும் ஹெட்லைட் பட்டாலே சிவப்பாக ஒளிரும். பேட்டரி செத்து, நடு இரவில், ஹைவே ஓரத்தில் விளக்கே இல்லாமல் நிற்கும் காருக்கு அது ஒன்றுதான் காவல். அழகு கெடுகிறது என்று அதை மறைத்துப் பட்டை ஒட்டுவதும், கறுப்பு ஸ்ப்ரே அடித்து 'ஸ்மோக்' செய்வதும், எதிரொளிப்பானே இல்லாத பளபளப்பு விளக்கை வாங்கி மாட்டுவதும் ஒரே காரியம்தான். முகத்தை அழகாக்க இமையை வெட்டியதாக முடிகிறது.

பேட்டரி மிச்சம் என்ற வாதத்துக்கு வருவோம். இரண்டு டெயில் பல்பும் சேர்ந்து 10 வாட். ஏ.சி. ப்ளோயரைக் கூட்டி வைத்தால் அது மட்டுமே நூறு வாட்டைத் தாண்டும். இந்த மிச்சத்தில் ஒரு சொட்டுப் பெட்ரோல் கணக்குக்கு வராது. வேடிக்கை இன்டிகேட்டரில்தான். எல்.இ.டி. குறைந்த மின்சாரம் இழுப்பதால் ஃப்ளாஷர் ரிலே பல்பு போய்விட்டது என்று நினைத்துப் படபடவென்று அடித்துக்கொள்கிறது. அதைச் சமாதானப்படுத்த 6 ஓம் லோட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்து மாட்டச் சொல்வார்கள். அது எரியும் நேரத்தில் சுமார் 30 வாட்டைச் சூடாக மட்டுமே செலவழிக்கிறது. மிச்சம் பிடிக்கப் போனவர் 21 வாட் பல்பைக் கழற்றிவிட்டு, 30 வாட் அடுப்பை வாங்கி, பிளாஸ்டிக் பம்பருக்குள் ஒட்டிவைக்கிறார். கை வைத்தால் சுடும், ஒயர் உரசினால் உருகும். போதாததற்கு, பல்பு போனால் தெரிவிப்பதற்கென்று இருந்த எச்சரிக்கையும் போயிற்று.

சட்டத்தைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சொல்லிவைக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று சேர்த்தது. பல்புக்கெல்லாம் யார் பிடிக்கிறார்கள் என்றால், பிடிப்பதில்லைதான். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் பிடிக்க வாய்ப்பு உண்டு.

ஜெர்மனியின் வழி இதைவிட நேர்மையானது. ஹெட்லைட்டில் மாற்றி மாட்டும் எல்.இ.டி. பல்பை அங்கே 2020-இல் ஆஸ்ரம் நிறுவனத்துக்கு அனுமதித்தார்கள். எல்லாக் காருக்கும் அல்ல. எந்த மாடலின் எந்த விளக்கில் சோதித்துச் சரியென்று கண்டார்களோ அதற்கு மட்டும், பட்டியல் போட்டு. ஒரே பல்பு ஒரு காரில் சரி, பக்கத்துக் காரில் தப்பு. பல்பைத் தனியாக நல்லது கெட்டது என்று சொல்லவே முடியாது, விளக்கோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும் என்பதை ஓர் அரசாங்கம் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. நம் கடையில் 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்று அட்டையிலேயே அச்சடித்து விற்கிறோம்.

"நாலு வருஷமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலையே" என்பவர்களுக்கு: ஆகாமல் இருந்ததற்குக் காரணம் உங்கள் பின்னால் வந்தவர்களின் கால். அவர்கள் எத்தனை முறை கடைசி நொடியில் மிதித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை.

சரி, டெயில் லைட் உண்மையிலேயே மங்கலாக இருந்தால்? முதலில் பழைய பல்பைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடிக் குமிழ் உள்ளே கறுத்திருந்தால் அதே பி21/5டபிள்யூவில் புதிது ஒன்று, நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். சாயம் வெளுத்த கண்ணாடிக்குப் பாலிஷ், அதிலும் தேறாவிட்டால் புது விளக்கு. கடைசியாக எர்த். பிரேக் மிதிக்கும்போது இன்டிகேட்டரும் லேசாகக் கண் சிமிட்டினால், பல்பில் கோளாறில்லை. எர்த் ஒயர் முனை பாசி பிடித்திருக்கிறது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினால் பழைய பல்பே புதிதாக எரியும். எல்.இ.டி. போட்டிருந்தால் இந்தக் கோளாறு தெரிந்திருக்காது. அது இழுக்கிற கொஞ்ச மின்சாரத்துக்கு அந்தத் துருப்பிடித்த முனையே போதும். பக்கத்தில் அதே எர்த்தை நம்பி இருக்கிற ரிவர்ஸ் லைட் அணைகிற வரைக்கும் எல்லாம் பளிச்சென்றே இருக்கும்.