நீலிக்குக் கைதட்டியவர்கள்

2025 ஆகஸ்டில் வெளியான ‘லோகா’ என்னும் மலையாளப் படத்தைக் கோவில்பட்டித் திரையரங்கில் தமிழில் பார்த்தோம். கல்யாணி பிரியதர்ஷன் நடித்த சந்திரா, முரடர்களைத் தூக்கி எறிந்தபோதெல்லாம் அரங்கம் அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த மாமா விசிலடித்தார். பெண் வீரம் காட்டும் படத்தை ஆண்கள் ரசிக்கமாட்டார்கள் என்ற வாதம் பொய்த்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

ஆனால் அந்தச் சந்திரா யார்? கள்ளியங்காட்டு நீலி! குமரி மாவட்ட வில்லுப்பாட்டில் வாழ்பவள். தொண்டை நாட்டிலும் ஒரு நீலி உண்டு, பழையனூர் நீலி. இருவருமே வஞ்சகமாகக் கொல்லப்பட்டுப் பழிதீர்த்ததாகக் கதை. அக்கதையிலிருந்து நாம் எடுத்துக்கொண்டதோ ‘நீலிக்கண்ணீர்’ என்ற வசைச்சொல் ஒன்றுதான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரிக்குப் போகவேண்டுமென்று இடைசெவலில் நான் அழுத அன்று, “நீலிக்கண்ணீர் வடிக்காதே” என்றவரும் அதே மாமாதான். தீப்பெட்டி ஆபீசில் உழைத்த காசைக் கட்டி என்னைச் சேர்த்தவள் அம்மா. அவளுக்கு யார் விசிலடித்தார்கள்?

திரையில் வரும் நீலிக்குத் தாராளமாகக் கைதட்டுங்கள். வீட்டில் அழும் பெண்ணின் கண்ணீரை மட்டும் பொய் என்று சொல்லாதீர்கள்!