சங்கிலி இருந்தால் போதுமா? அளவும் சரியாக இருக்க வேண்டும்!

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது கலிபோர்னியா மாநிலம். அங்கே கடற்கரையும் உண்டு. பனி மூடிய மலையும் உண்டு. அந்த மலைக்கு சியரா நெவாடா என்று பெயர்.

சான்பிரான்சிஸ்கோ நகரில் இருந்து கிழக்கே செல்லும் பெரிய நெடுஞ்சாலை, இந்த மலை மீது ஏறி இறங்குகிறது. சாலையின் உச்சி 7,200 அடிக்கு மேல் உயரம்! அந்த இடத்தை டானர் கணவாய் என்கிறார்கள். 1846-ம் ஆண்டு, டானர் குடும்பத்தாரும் அவர்களுடன் வந்தவர்களும் மாட்டு வண்டிகளுடன் இங்கே பனியில் சிக்கினார்கள். 80-க்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மாண்டுபோனார்கள்.

மாட்டு வண்டி போய் மோட்டார் வந்துவிட்டது. ஆனால் பனி மாறவில்லை. 2024-ம் ஆண்டு மார்ச் முதல் தேதி அடித்த பனிப்புயலில் இந்தச் சாலையையே மூட நேர்ந்தது. பல வண்டிகள் நடுவழியில் நின்றன.

சான்பிரான்சிஸ்கோ பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பல வசிக்கின்றன. குளிர்காலத்தில் குழந்தைகளுக்குப் பனியைக் காட்ட அவர்களும் இந்த மலைக்குப் போகிறார்கள். பனியையே பார்த்தறியாத ஊரில் பிறந்தவர்களுக்கு, பனியில் கார் ஓட்டுவது புதிய பாடம்!

சக்கரத்துக்குச் சங்கிலி

பனிக்கட்டியில் ரப்பர் டயருக்குப் பிடிப்பு இல்லை. சக்கரம் சுற்றும், வண்டி நகராது. பிரேக் போட்டாலும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும்.

அந்தக் காலத்து டிரைவர்கள் டயரில் கயிற்றைச் சுற்றிச் சமாளித்தார்கள். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர் கயிற்றுக்குப் பதிலாக இரும்புச் சங்கிலியைக் கட்டினார். 1904-ம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். சங்கிலி பனியைக் கவ்விப் பிடிக்கிறது. வண்டி நகர்கிறது, நிற்கவும் செய்கிறது.

கலிபோர்னியாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது. பனியின் அளவைப் பார்த்து மூன்று விதமான உத்தரவு போடுகிறார்கள்.

முதல் உத்தரவில், பனி டயர் போட்ட சிறிய கார்களுக்கு விலக்கு உண்டு. இரண்டாவதில், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்து, நான்கிலும் பனி டயர் இருந்தால்தான் விலக்கு. மூன்றாவதில் யாருக்கும் விலக்கு இல்லை! விலக்கு பெற்ற வண்டியும் சங்கிலியைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

ஆகவே எல்லோரும் சங்கிலி வாங்குகிறார்கள். அது தன் வண்டிக்குப் பொருந்துமா என்று எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர் 16 என்பதுபோல் எண்கள் அச்சிட்டிருக்கும். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் டயரின் உயரம் நூற்றுக்கு எத்தனை பங்கு என்ற கணக்கு. 16 என்பது நடுவில் உள்ள இரும்பு வளையத்தின் குறுக்களவு, அங்குலத்தில். இதே எண்கள் சங்கிலிப் பெட்டியின் மேலும் இருக்க வேண்டும்.

சங்கிலி சிறிதாக இருந்தால் மாட்ட முடியாது. பெரிதாக இருந்தால் தளர்ந்து அடித்து, பிரேக் குழாயை அறுத்துவிடும். சில கார்களில் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே இடம் மிகக் குறைவு. அவற்றுக்கு மெல்லிய கம்பிவடச் சங்கிலிதான் ஏற்றது.

எந்தச் சக்கரத்தில் மாட்டுவது? எஞ்சின் எந்தச் சக்கரத்தை இழுக்கிறதோ, அதில்தான். முன் சக்கரம் இழுக்கும் காருக்குப் பின்னால் மாட்டிப் பயன் இல்லை. மாட்டியபின் சிறிது தூரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி இறுக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 அல்லது 30 மைலைத் தாண்டக்கூடாது.

சாலையோரத்தில் உரிமம் பெற்ற ஆட்கள் கூலிக்குச் சங்கிலி மாட்டித் தருகிறார்கள். ஆனால் அவர்கள் சங்கிலியை விற்கவோ வாடகைக்குத் தரவோ கூடாது. அளவு தவறிய சங்கிலியோடு மலை ஏறியவருக்கு அவர்களால் உதவ முடியாது!

இழுவை வண்டிக்குச் சங்கிலி

காருக்குப் பின்னால் இழுவை வண்டி இருந்தால் இன்னொரு சங்கிலியும் வேண்டும். கொண்டி கழன்றாலும் வண்டி தனியே ஓடிப் பிறர் மேல் மோதாமல், இந்தக் காவல் சங்கிலி பிடித்துக்கொள்ளும்.

இதற்கும் அளவு உண்டு. பாரம் ஏற்றிய வண்டியின் முழு எடையைத் தாங்கும் வலு வேண்டும். இரண்டு சங்கிலிகளையும் கொண்டிக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். அப்போதுதான் இழுவை வண்டியின் மூக்கு கழன்று விழுந்தாலும், தொட்டில்போல் ஏந்திக்கொள்ளும்.

நீளமோ, வளைவில் திரும்பப் போதுமான அளவுதான். குட்டையானால் திருப்பத்தில் அறுந்துவிடும். நீண்டால் தரையில் உரசும். உரசினால் தீப்பொறி!

கோடையில் அந்த மாநிலத்துப் புல்வெளி காய்ந்த சருகாகக் கிடக்கும். ஒரு பொறி என்ன செய்யும் என்பதை 2018-ம் ஆண்டு ஜூலையில் ரெட்டிங் நகரத்தார் கண்டார்கள். அங்கே ஓர் இழுவை வண்டியின் டயர் காற்று இறங்கியது. சக்கரத்தின் இரும்பு வளையம் சாலையில் உரசிப் பொறி பறந்தது. அந்தப் பொறி காட்டுத் தீயாகி, 2 லட்சத்து 29 ஆயிரம் ஏக்கரை எரித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. எட்டுப் பேர் உயிரிழந்தார்கள்.

அன்று உரசியது சக்கரம். தரையில் இழுபடும் சங்கிலியும் அதே வேலையைத்தான் செய்யும்.

யார் பொறுப்பு?

சோதனைச் சாவடியில் நிற்கும் அதிகாரி, சங்கிலி இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒவ்வொரு காரின் டயர் எண்ணையும் படித்து ஒத்துப் பார்க்க அவரால் ஆகுமா? புறப்பட்ட பிறகு தளர்ந்து தொங்கும் சங்கிலியை அவர் எப்படிக் காண்பார்?

சட்டத்தால் சங்கிலியை வாங்க வைக்க முடியும். பொருத்தமானதைத் தேர்ந்தெடுப்பது வண்டிக்காரரின் வேலை. அதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். வீட்டு வாசலில் டயர் எண்ணைப் படிக்க வேண்டும். வெயில் இருக்கும்போதே ஒரு தடவை மாட்டிப் பார்க்க வேண்டும். இழுவை வண்டியின் சங்கிலி தரையைத் தொடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

கொட்டும் பனியில், விறைத்த விரல்களோடு, அழும் குழந்தையைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய பாடம் அல்ல இது!