கடைசிச் சைக்கிளைப் பார்த்து மிதியுங்கள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் லயத்து வாசலில் பிள்ளைகள் கூட்டம் கூடும். "எல்லாரும் சைக்கிளில் கடற்கரைக்குப் போய் வருகிறோம்" என்று வீட்டில் கேட்பார்கள். அம்மா அப்பாவைக் கை காட்டுவார். அப்பா அம்மாவைக் கை காட்டுவார். அனுப்பலாமா, கூடாதா? இந்த இதழில் அதைத்தான் பேசப்போகிறோம்.

அனுப்பலாம் என்பதே என் கருத்து. ஆனால், சில விஷயங்களைச் சொல்லி அனுப்ப வேண்டும். அவற்றை நான் கற்றுக்கொண்டது ஒரு பயணத்தில்தான்.

1980-ஆம் ஆண்டில் நண்பர்கள் ஆறு பேர் பந்திங் வட்டாரத் தோட்டம் ஒன்றிலிருந்து மோரிப் கடற்கரைக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழப் பன்னிரண்டு கட்டை தூரம். ஞாயிற்றுக்கிழமை, பெரட்டு இல்லை. விடிந்ததும் கிளம்பினோம். ஐந்து பேரிடம் நல்ல சைக்கிள். ஒருவனிடம் மட்டும் அவன் அப்பா பால் வாளி கட்டிச் சுமக்கும் கனத்த பழைய சைக்கிள்.

மூன்றாவது கட்டைக்குள் அவன் பின்தங்கிவிட்டான். ஒரு வளைவில் அவனுக்காகக் காத்து நின்றோம். "இவனைக் கூட்டி வந்ததே வம்பு. திரும்பிப் போகச் சொல்லுங்கள்" என்று எரிந்து விழுந்தான் முன்னால் போன ஒருவன். வந்து சேர்ந்தவன் பதில் பேசவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தான். கை நடுங்கியது.

எங்களில் மூத்தவரை அண்ணன் என்றே அழைப்போம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "காலையில் என்னடா சாப்பிட்டே?" என்று மெல்லக் கேட்டார்.

"வரக்கோப்பி குடிச்சேண்ணே. ரொட்டி கொஞ்சந்தான் இருந்துச்சு. தம்பி தங்கச்சிக்கு வேணுமில்ல?"

அது மாதக் கடைசி. கடையில் பற்று எழுதி வாங்கும் வீட்டில் மாதக் கடைசி எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

மதியத்துக்கென்று கட்டி வந்த சோற்றுப் பொட்டலங்கள் அங்கேயே பிரிந்தன. எரிந்து விழுந்தவன் எதுவும் பேசாமல் தன் சைக்கிளை அவனிடம் கொடுத்துவிட்டு, கனத்த சைக்கிளைத் தான் எடுத்துக்கொண்டான். கடற்கரையில் இறங்கியபோது அவன் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "இதை மிதித்துக்கொண்டா இவன் மூன்று கட்டை வந்தான்!" என்றான். அதைவிடப் பெரிய மன்னிப்பு எதற்கு?

தம்பி தங்கைகளே, மெதுவாக வருகிறவனைச் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். அவன் எதை மிதித்துக்கொண்டு வருகிறான், எதைச் சாப்பிட்டுவிட்டு வந்தான் என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்துக்கும் இது பொருந்தும், வேலைக்காட்டுக்கும் பொருந்தும்.

அன்று மாலைப் பலகாரத்துக்குக் காசு சேர்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். அண்ணன் ஒரு துணிப்பையை நீட்டினார். "கையை உள்ளே விட்டு, முடிந்ததைப் போடுங்கள். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது" என்றார். யார் இரண்டு வெள்ளி போட்டார், யார் வெறுங்கையை விட்டு எடுத்தார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆறு பேரும் ஒரே மாதிரிதான் சாப்பிட்டோம். பணம் இல்லாதவனுக்கும் மானம் உண்டு. அதைக் காப்பதும் நட்புதான்.

திரும்பும்போது வரிசையை மாற்றினோம். களைத்தவன் இரண்டாவதாக, பலமுள்ளவன் கடைசியாக. "முன் ஏர் போன வழியே பின் ஏர்" என்பார்கள் அல்லவா? சைக்கிளில் இதற்கு ஒரு பயன் உண்டு. முன்னால் போகிறவர் எதிர்க்காற்றை உடைத்துக்கொண்டு போவதால், பின்னால் ஒட்டி வருகிறவருக்குப் பாரம் குறைகிறது. பந்தய வீரர்கள் முறை வைத்து முன்னால் வருவதும் இதனால்தான். 1996-ஆம் ஆண்டு தொடங்கிய லங்காவிச் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். தனி ஆளுக்குக் கிடைக்கும் வெற்றிக்குப் பின்னாலும் காற்றைத் தாங்கிக்கொண்ட தோழர்கள் இருக்கிறார்கள்.

இனி, பெற்றோருக்குச் சில வார்த்தைகள்.

முதல் நாளே சைக்கிளைப் பாருங்கள். இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா? சங்கிலி தளர்ந்திருக்கிறதா? டயர் தேய்ந்திருக்கிறதா? பம்பும், பஞ்சர் ஒட்டும் பசையும், ரப்பர் துண்டும் கூட்டத்தில் ஒருவரிடமாவது இருக்கட்டும். 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்த பிறகுதான் சைக்கிள் சுகமான வாகனமாயிற்று. அந்த டயருக்கும் பின்னர் மோட்டார் வண்டி டயருக்கும் ரப்பர் வேண்டியிருந்ததால்தான் நம் பாட்டன் பாட்டிமார் இந்த மண்ணுக்குப் பால் வெட்ட வந்தார்கள். பஞ்சர் ஒட்டும் பிள்ளைக்கு இந்தக் கதையையும் சொல்லிக் கொடுங்கள்.

சாலையில் இடப்பக்கமாக ஒருவர் பின் ஒருவராகப் போகச் சொல்லுங்கள். பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போவது கூடாது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி கடக்கும்போது ஓரமாக நின்றுவிடுவது நல்லது. எந்த வழியாகப் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் மட்டும் அனுப்பாதீர்கள். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், விடியற்காலை மூன்று மணியளவில் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டிய பிள்ளைகள் மீது கார் மோதி, எட்டுப் பேர் உயிரிழந்தனர். வீட்டுக்குத் திரும்பாத எட்டுப் பிள்ளைகள்! பிரேக்கைக் கழற்றிச் சைக்கிளை மாற்றியமைக்கும் பழக்கம் உங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தால், முளையிலேயே கிள்ளி எறியுங்கள்.

அதற்காக ஆசையை அடக்கிவிடவும் வேண்டாம். திரெங்கானுவின் டுங்குனில் பிறந்த அஸிஸுல்ஹஸ்னி அவாங், 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் சைக்கிளில் வென்றவர். அவரும் ஒரு சின்ன ஊர்ப் பிள்ளைதான்.

தோட்டங்கள் கைமாறுகின்றன, லயங்கள் இடிபடுகின்றன, கூட வளர்ந்தவர்கள் ஊருக்கு ஒருவராகப் பிரிந்து போகிறார்கள். அப்படிப் பிரிந்த பின்பும் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் வந்து நிற்க வேண்டுமென்றால், சிறு வயதிலேயே சேர்ந்து வியர்க்க வேண்டும். சேர்ந்து பசியாற வேண்டும். ஆகவே பிள்ளைகளை அனுப்புங்கள். புறப்படும்போது வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: "ஆறு பேர் போனால் ஆறு பேராகத் திரும்பி வாருங்கள்."