வீட்டுக்கும் ஒரு சம்பளம் போடுங்கள்

கடைப் பையனுக்குச் சம்பளம் உண்டு. கணக்கு எழுதுகிறவருக்குச் சம்பளம் உண்டு. மூட்டை இறக்குகிறவருக்குக் கூலி உண்டு. கடை வாடகைக்கும் மின் கட்டணத்துக்கும் தேதி உண்டு. ஆனால் காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டுகிற முதலாளியின் குடும்பத்துக்கு மட்டும் சம்பளம் கிடையாது. தேவைப்படும்போது கல்லாவில் கை வைத்து எடுத்துக்கொள்வதே நம்மில் பெரும்பாலோரின் வழக்கமாக இருக்கிறது.

"என் கடை, என் பணம், யாரைக் கேட்க வேண்டும்?" என்று சிலர் சொல்லலாம். கடை உங்களுடையதுதான். ஆனால் கல்லாவில் கிடக்கும் பணம் முழுவதும் உங்களுடையதல்ல. அதில் பெரும்பகுதி மொத்த வியாபாரிக்குச் சேர வேண்டியது, ஒரு பகுதி கடைக்காரச் செலவுக்கு உரியது, மிச்சம்தான் உங்களுடையது. சூப்பர் மார்க்கெட்டும் ஆன்லைன் வியாபாரமும் நம்மைப் பாதிப்பது உண்மையே. ஆனாலும் கல்லாவுக்கும் அடுப்படிக்கும் நடுவே சுவர் இல்லாததால் உள்ளுக்குள்ளேயே கரைந்துபோகும் கடைகளும் உண்டு என்பதை நாம் மறுக்க முடியாது.

கணக்கு சொல்லும் உண்மை

ஒரு மளிகைக் கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நாள் விற்பனை 10,000 ரூபாய். சராசரி லாபம் நூற்றுக்குப் பத்து என்றால் 1,000 ரூபாய். வாடகை, கரண்ட், ஆள் சம்பளம், வண்டிக் கூலி எல்லாம் சேர்த்து நாளைக்கு 400 ரூபாய். மீதி 600. இதுதான் அந்தக் குடும்பத்தின் உண்மையான வருமானம்.

வீட்டுக்கு நாள்தோறும் ரொக்கமாக 750 ரூபாயும், அலமாரியிலிருந்து 100 ரூபாய்ச் சரக்கும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 250 ரூபாய் துண்டு விழுகிறது. மாதத்துக்கு 7,500, ஆண்டுக்கு 90,000. ஐந்து ஆண்டில் நாலரை லட்சம்! ஆனால் அன்றாடம் கல்லாவில் பணம் புரள்வதால் இந்தத் துண்டு முதலாளியின் கண்ணுக்குத் தெரிவதில்லை. மொத்த வியாபாரியின் பில் பாக்கி ஏறும்போதும், ரொக்கத்துக்குக் கிடைக்கும் கழிவு நழுவும்போதும், அலமாரியில் இடைவெளி விழும்போதும்தான் தெரிகிறது. அப்போது அவர் "வியாபாரம் மந்தம்" என்கிறார். வியாபாரம் மந்தமல்ல; வீடு முதலைச் சாப்பிட்டிருக்கிறது. மொத்த வியாபாரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். வராத பாக்கியில் ஒரு பகுதி யாரோ ஒருவர் வீட்டுச் செலவாகப் போனதாக இருக்கலாம்.

கையடக்கப் போனில் பணம் வாங்கும் பழக்கம் வந்தபின் இந்தச் சிக்கல் கூடியிருக்கிறது. யு.பி.ஐ. முறை 2016-ல் வந்தது. இன்று வாடிக்கையாளர் ஸ்கேன் செய்து அனுப்பும் பணம் பலருக்குச் சொந்த சேமிப்புக் கணக்கில்தான் விழுகிறது. அதே கணக்கிலிருந்து பைக் தவணையும், பள்ளிக் கட்டணமும், கேஸ் சிலிண்டருக்கான பணமும் போகின்றன. முன்பாவது இரவில் கல்லாவை எண்ணிப் பார்த்தோம். இப்போது எண்ணுவதும் நின்றுபோயிற்று. ஆகவே கடைக்கென்று ஒரு நடப்புக் கணக்கு தனியாக இருப்பது முதல் தேவை.

சரக்கும் பணம்தான்

"வீட்டுக்கு ஒரு கிலோ சர்க்கரைதானே, இரண்டு சோப்புதானே" என்று எடுத்துத் தருகிறோம். பத்து பேருக்குக் கடன் நோட்டில் பற்று எழுதுகிற நாம், நம் வீட்டுப் பேரில் ஒரு பக்கம் ஒதுக்குவதில்லை. வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பொருளையும் அடக்க விலையில் பற்று எழுதி, மாதக் கடைசியில் வீட்டுச் சம்பளத்தில் கழித்துவிட வேண்டும். இது சட்டத்துக்கும் தேவையானதே. 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு எடுத்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. குறிப்பு இல்லையென்றால் இருப்புக் கணக்கும் இடிக்கும், வரிக் கணக்கும் இடிக்கும்.

எவ்வளவு போடுவது?

வியாபாரத்தில் வருமானம் மாதத்துக்கு மாதம் மாறுமே என்பது நியாயமான கேள்விதான். நகைக் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும் மந்தம். ஆகவே வீட்டுச் சம்பளத்தைத் தீபாவளி மாதத்தைப் பார்த்து நிர்ணயிக்கக் கூடாது; மந்தமான மாதத்தைப் பார்த்தே நிர்ணயிக்க வேண்டும். ஒரு தேதி குறித்து, அந்தத் தேதியில் மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். சீசன் மாதத்தில் மிஞ்சுவது கொள்முதல் பாக்கிக்குப் போகட்டும். அதற்கும் மேல் மிஞ்சினால் ஆண்டு முடிவில் வீட்டுக்குப் போனஸ் கொடுங்கள். தனி முதலாளியின் சம்பளம் வருமான வரிக்குச் செலவாகக் கழியாது. கணக்கில் அதைச் சொந்த எடுப்பு என்றே எழுத வேண்டும். ஆனால் உங்களுக்குக் கடையின் உண்மை நிலை தெரிய அதுதான் வழி.

தொகையை இல்லத்தரசியிடம் கொடுத்தபின் அதை நடத்தும் பொறுப்பும் அவருடையதே. தினம் இருநூறு, முன்னூறு என்று கை நீட்டிக் கேட்க வேண்டிய நிலையில் இருப்பவரால் குடும்பத்தைத் திட்டமிட்டு நடத்த முடியாது. மொத்தமாகக் கையில் இருந்தால்தான் எதை எப்போது வாங்குவது என்று யோசிக்க முடியும். கடைக்குப் புளியையும் வற்றலையும் சீசனில் பிடித்து வைக்கிற நாம், வீட்டுக்கு மட்டும் நூறு கிராம் பாக்கெட்டாக எடுத்துத் தருகிறோம். மாசி, பங்குனியில் புதுப் புளி வரும்போது வாங்கிக் கொட்டை நீக்கி உப்புப் போட்டு வைத்தால், ஆண்டு முழுவதும் கவலையில்லை. வியாபாரி புத்தி கடையோடு நின்றுவிடக் கூடாது.

ஜூனில் பள்ளிக் கட்டணம், ஐப்பசியில் தீபாவளி, இன்ஷூரன்ஸ் பிரீமியம், வீட்டு வரி என எல்லாமே தேதி தெரிந்த செலவுகள்தான். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் திடீரென்று வந்ததுபோல் தவிக்கிறோம். ஆண்டுக்கு 36,000 ரூபாய் கட்டணம் என்றால், மாதம் 3,000 தனியே எடுத்து வைத்தால் ஜூனில் கல்லாவைத் தொட வேண்டியதில்லை.

சேமிப்பு மிச்சமல்ல

தென் மாவட்ட வணிகர்கள் மகமை என்ற நல்ல வழக்கத்தை வைத்திருந்தார்கள். சரக்கு கை மாறும்போதே மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுவுக்கு எடுத்து வைத்தார்கள். ஆண்டு முடிவில் லாபம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று காத்திருக்கவில்லை. அப்படிச் சேர்ந்த பணத்தில்தான் விருதுநகரில் 1889-ல் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. காமராஜர் படித்த பள்ளி அது. ஊருக்கு மகமை பிடிக்கத் தெரிந்த நமக்கு, வீட்டுக்கு மகமை பிடிக்கத் தெரியாதா? வீட்டுச் சம்பளம் கைக்கு வந்தவுடன் முதல் செலவு சேமிப்பாக இருக்கட்டும்.

அந்தச் சேமிப்பு கடையில் போய் முடங்கக் கூடாது. தனி முதலாளியின் கடையும் சொத்தும் சட்டத்தின் பார்வையில் ஒன்றே. கடைக் கடனுக்கு வீடும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே கடைக்குக் கேடு வந்தாலும் குடும்பம் நிற்க ஒரு காப்பு வேண்டும். 1874-ம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி, மனைவி, மக்கள் நலனுக்கென்று எழுதி எடுக்கும் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் கடன்காரர்கள் கை வைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே அப்படிக் குறிப்பிட வேண்டும். கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தோடு எடுத்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு நிற்காது. பதினைந்து ஆண்டு பி.பி.எஃப். கணக்கையும் கடனுக்காக நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடு கடையைத் தின்பதுபோல் கடை வீட்டைத் தின்பதும் உண்டு. தீபாவளிச் சரக்குக்காக மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. அடுத்த தீபாவளி வரையிலும் மீட்கப்படுவதில்லை. அப்படி எடுத்தால் அது மனைவி கடைக்குக் கொடுத்த கடன். பேரேட்டில் அவர் பெயரில் வரவு வைத்து, திருப்பும் தேதியும் எழுதுங்கள். வெளியாருக்குத் தரும் நாணயத்தை வீட்டாருக்கும் தருவதே முறை.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். வியாபாரிக்கு இது நேர்மாறு. கணக்குப் பார்க்காதவனுக்குத்தான் உழக்கும் மிஞ்சாது. வருகிற மாதம் முதல் தேதியில் கடை நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பி, மேலே "வீடு" என்று எழுதுங்கள். மூன்று மாதம் தவறாமல் எழுதினால் போதும். உங்கள் கடை உங்களைக் காக்கிறதா, நீங்கள் கடையைக் கரைக்கிறீர்களா என்பதை அந்தப் பக்கமே சொல்லிவிடும்.