பழி வெள்ளைக்காரன் மேல், கண் காணி மேல்

கொழும்பில் கொட்டாஞ்சேனையிலோ முகத்துவாரத்திலோ பழைய கட்டடம் ஒன்றைச் சுற்றித் தகர வேலி எழுந்தால் போதும், "வெள்ளைக்காரன் விட்டுப்போன குப்பைதானே, போகட்டும்" என்ற ஞானவாக்கும் கூடவே எழுந்துவிடுகிறது. கொம்பனித்தெருவின் டி சொய்சா கட்டடம் 2021இல் இடிபட்ட பிறகும் இந்தப் பல்லவி ஓயவில்லை. சுதந்திரம் கிடைத்து இத்தனை காலம் கழித்து, செங்கல்லின் மேல் இவ்வளவு ரோசம்! அப்படியானால் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை என்ன செய்வது? சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதைக் கருங்கல்லில் எழுப்பியது 1907 முதல் 1912 வரை. அன்று கோட்டையில் பறந்தது பிரித்தானியக் கொடி. ஆட்சிக் காலத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு என்றால் அந்தக் கல்தூண்களுக்கும் தகர வேலி அடியுங்கள், பார்ப்போம். "அது நம்மவர் கட்டியது" என்பார்கள். இடிபட்ட கட்டடத்துக்குப் பெயர் தந்த டி சொய்சா மட்டும் என்ன, இங்கிலாந்துப் பிரபுவா? கோட்டையின் கம்பெனிக் கட்டடங்களுக்குக் கல் சுமந்தவர்களும் சாந்து குழைத்தவர்களும் லண்டனிலிருந்தா கப்பலேறி வந்தார்கள்?

அடுத்த சாட்டு, "பழசு, தலையில் விழும்." தானாகவா விழுகிறது? பீலியில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க ஆளில்லை. உடைந்த ஓட்டை மாற்ற ஆளில்லை. சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசி, ஈரத்தை உள்ளே அடைத்து, சுவர் உதிரத் தொடங்கியதும் "ஆபத்தான கட்டடம்" என்று பலகை மாட்டுகிறார்கள். கொச்சிக்கடைக் கோயில் நிற்பது கருங்கல்லால் மட்டுமல்ல, திருப்பணி செய்ய ஆளிருப்பதால். 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியும் அப்படித்தான்: பழுதுபார்த்து 2011இல் திறந்தார்கள், இன்று கடையும் உணவகமுமாகக் காசு பார்க்கிறது.

"நகரம் வளர இடம் வேண்டாமா?" வேண்டும். ஆனால் யாருக்கு? வெள்ளவத்தை நெசவாலை இருந்த காணியில் இன்று நிற்பது ஹவ்லொக் சிட்டி. ஆலை போனது, ஆங்கிலேய ஆளுநரின் பெயர் மட்டும் அடுக்குமாடியில் குடியேறிவிட்டது. அங்கே ரோசம் எங்கே போனது? பழைய வடிகால் தாங்காத தெருக்களில் மாடிமேல் மாடியாக ஏற்றிவிட்டு, மழைக்கு வெள்ளம் வந்தால் வானத்தைத் திட்டுகிறோம். எல்லாவற்றையும் காக்கச் சொல்லவில்லை. இடிக்குமுன் பொறியியலாளரின் அறிக்கையை ஊருக்குக் காட்டட்டும். கொச்சிக்கடைக் கோயிலில் கைவைக்க எவரும் துணியார், கேட்க ஆயிரம் பேர் வருவார்கள். தெருவோரத்துப் பழைய கடைவீட்டுக்காகக் கேட்க எவருமில்லை; கேட்க ஆளில்லை என்ற அந்தத் துணிவில்தான் வெள்ளைக்காரன் மேல் பழிபோடுகிறார்கள்.