சோளகக் கடலும் விடுமுறைப் பயணமும்

பிறேசில், பெரு முதலிய தூர தேசங்களுக்குச் செல்ல ஆயத்தமாவோர் மஞ்சட் காய்ச்சலுக்குத் தடுப்பூசி ஏற்றிக்கொள்வர். எந்த மாதத்தில் மழை, எந்த நீர் குடித்தற்கு உரியது என்றெல்லாம் முன்னரே விசாரித்து அறிவர். நூறு மைல் தூரத்திலுள்ள சொந்த நாட்டுக் கடற்கரைக்குப் புறப்படும்போதோ நாம் கட்டுச்சோற்றைத் தவிர வேறெதனையும் எண்ணுவதில்லை. பழகிய நாடு என்ற நினைவே அதற்குக் காரணம். ஆனால் கடலுக்கு நாம் பழகியவர் அல்லோம்.

1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து புறப்பட்ட மொறோக்கோ யாத்திரிகர் இபுன் பதூதாவின் கப்பல், காற்றின் வேகத்தால் நம் நாட்டுக் கரையை அடைந்தது. அவர் ‘பத்தாலா’ எனக் குறித்த இடம் புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை. அங்கே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்ட அவர் பாவா ஆதம் மலைக்குச் செல்ல விரும்பினார். மன்னன் பல்லக்கு ஒன்றையும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் 4 யோகியரையும், 3 அந்தணரையும், தன் பரிவாரத்தார் 10 பேரையும், உணவு சுமக்க 15 பேரையும் உடன் அனுப்பினான் என்று அவரது யாத்திரை நூல் கூறுகிறது. உலகின் பெரும்பகுதியைச் சுற்றிவந்தவரும் வழி அறிந்தாரைத் துணைக்கொண்டே நடந்தார். இன்று அதே கரைக்குச் செல்லும் நமக்கும் இதுவே முதற் பாடமாகும்.

இரண்டாவது பாடம் காலத்தைப் பற்றியது. வைகாசி தொடங்கி ஐப்பசி வரை சோளகக் காற்று வீசும்போது கற்பிட்டி முதல் சிலாபம் வரை வெளிக்கடல் கொந்தளிக்கும். மீனவர் பலர் வள்ளங்களைக் கரையேற்றிவிட்டுக் காத்திருக்கும் நாள்கள் அவை. ஆனால் உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பும், தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவும், முன்னேசுவரப் பெருவிழாவும் பெரும்பாலும் ஆடி ஆவணி மாதங்களிலேயே நிகழ்கின்றன. பாடசாலைகளின் ஓகஸ்ட் விடுமுறையும் அப்போதே வருகிறது. வழிபாட்டை முடித்துவிட்டு, “வந்த இடத்தில் கடலிலும் சற்றுக் குளிப்போம்” என்று பிள்ளைகள் கேட்பது இயல்பு. அந்த வேளையில் “வேண்டாம்” என்று சொல்லப் பெரியவர் ஒருவர் வேண்டும். அவரைப் புறப்படுமுன்பே நியமித்துக்கொள்ளுங்கள்; அவர் சொல்லை மறுப்பதில்லை என்றும் எல்லோரும் உடன்படுங்கள்.

அலை பெரிதாக எழும் இடமே அபாயமானது என்று பலர் எண்ணுகின்றனர். அலைகள் இருபுறமும் உடைந்து நுரைக்க, நடுவே நுரையின்றி அமைதியாகத் தோன்றும் ஓர் ஒடுங்கிய பாதையைக் காண்பீராயின், அதுவே கரைக்கு வந்த நீர் திரும்பிக் கடலுக்குள் ஓடும் இழுவையாக இருத்தல் கூடும். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் அடித்தால் களைத்துவிடுவார். பதறாமல் மிதந்து, கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, இழுவையைக் கடந்த பின்னரே கரைக்குத் திரும்பல் வேண்டும்.

ஒருவர் தத்தளிக்கக் கண்டதும் அண்ணனும் தந்தையும் ஒருவர்பின் ஒருவராகக் குதிப்பதாலேயே ஒரு குடும்பம் இருவரையும் மூவரையும் இழக்கிறது. நீச்சல் அறியாதார் குதித்தல் ஆகாது. மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கலன் ஒன்றையும் நீண்ட கயிறு ஒன்றையும் வாகனத்தில் வைத்திருங்கள். அவற்றை எறிந்து காப்பாற்றலாம். பெண்கள் சேலையோடு ஆழத்தில் இறங்குதல் கூடாது; நனைந்த துணி காலைச் சுற்றிக்கொள்ளும். மது அருந்தியவர் கடலோரத்துக்கே போகலாகாது. கரைசேர்க்கப்பட்டவர் மூச்சின்றிக் கிடந்தால் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. தெரிந்தவர் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பழுத்தமும் கொடுக்க, மற்றொருவர் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வருவித்தல் வேண்டும்.

கார்த்திகை முதல் சித்திரை வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். கற்பிட்டிக்கு அப்பால் டொல்பின்கள் கூட்டங்கூட்டமாகத் துள்ளுவதைக் காணும் பருவம் இதுவே. காற்று எழுமுன் காலையிற் செல்லுங்கள். உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று இல்லாத படகில் ஏறாதீர்கள்; குழந்தைக்குப் பெரியவரின் அங்கி உதவாது. எனினும் இப்பருவத்தையும் முற்றாக நம்பிவிடல் ஆகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் புத்தளம் மாவட்டமும் பெருவெள்ளத்துக்கு ஆளானது. வானிலை அறிக்கையைக் கேட்டுப் புறப்படுங்கள். எலுவன்குளத்தில் கலா ஓயாவின் தாழ்பாலத்தை நீர் மூடியிருந்தால், முன்னே சென்ற வண்டியைப் பார்த்து நீங்களும் இறங்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பொலிசாரின் இலக்கம் 119.

தாய்மார்கள் கவனிக்கவேண்டியது குடிநீர். கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான நிலத்தில் தோட்டங்களுக்கு இடும் உரம் கிணற்று நீரிற் கலக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உரத்தின் நைத்திரேற்றும் உப்பும் நீங்கா. கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் நீரை வீட்டிலிருந்தே கொண்டுசெல்வது உத்தமம்.

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குத் திரும்பும் வீதியில் கட்டாக்காலிக் கழுதைகள் இரவிலும் நிற்கும். இரவிரவாக வண்டி ஓட்டிய சாரதிக்கு அவை கண்ணிற் படுமுன் விபத்து நேர்ந்துவிடும். பகலிற் செல்லுங்கள், சாரதியை உறங்கவிடுங்கள். 1667க்கும் 1676க்கும் இடையில் ஒல்லாந்தர் கட்டிய கற்பிட்டிக் கோட்டை கடற்படையின் பொறுப்பில் உள்ளது. அனுமதி பெற்றே உள்ளே செல்லவும், படம் எடுக்கவும் வேண்டும். வெளிக்கடலிலுள்ள பவளப்பார் 1992 முதல் சரணாலயம். அதில் ஒரு துண்டும் நினைவுப் பொருளாக வீட்டுக்கு வரலாகாது.

இவற்றையெல்லாம் நினைவில் வைத்தல் கடினமாயின் ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கரையை அடைந்ததும் அங்கே வலை செப்பனிட்டுக்கொண்டிருக்கும் முதியவர் ஒருவரை அணுகி, “ஐயா, இன்று இங்கே குளிக்கலாமா?” என்று கேளுங்கள். அவர் தலையை அசைத்து மறுத்தால், பிள்ளைகளுக்கு மணலில் வீடு கட்டக் கற்றுக்கொடுங்கள். கடல் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.