பள்ளி பல்லியான கதை



முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சில வாரங்களுக்கு முன் ஒரு கதையில் 41 இடங்களைச் சிவப்பு மையால் சுழித்து, "எழுத்துப்பிழை மிகுதி. லகர ளகர வேறுபாட்டை முதலில் கற்றுக்கொண்டு பிறகு கதை எழுதலாம்" என்று அடியில் குறித்துக் கொடுத்தேன். எழுதியவர் என் மாணவர் அல்லர். துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை செய்யும் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்குள்ள ஊழியர் தங்கும் விடுதிக்குச் சென்று, எழுத்தார்வம் உள்ள நாலைந்து பேருடன் இரண்டு மணி நேரம் செலவிடுவது என் வழக்கம். துவாஸ் லிங்க் நிலையத்தோடு ரயில் நின்றுவிடும். அப்பால் பேருந்து, அதற்கும் அப்பால் வெயிலில் நடை.

கதை அவருடைய தாயைப் பற்றியது. "அவள் கண்களில் தண்ணீர்" என்று இருக்கவேண்டிய இடத்தில் "அவல் கன்கலில் தன்னீர்" என்று இருந்தது. தாய் மகனைப் பள்ளிக்கூடத்திற்கு அழைத்துச் செல்லவில்லை. பல்லிக்கூடத்திற்கு அழைத்துச் சென்றாள். நான் சிரித்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இருபது ஆண்டுகளாகத் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிப்பவனுக்கு இத்தகைய பிழைகளைக் கண்டால் கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடும்.

அந்தத் தம்பி மறுமொழி கூறாமல் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுவாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் மடிக்கணினியோடு வந்தார்.

"சார், நான் சரியாத்தான் அடிக்கிறேன். ஊர்ல இங்கிலீஷ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணினவன். எந்த விரல் எங்க போகணும்னு எனக்குத் தெரியும். இதுதான் மாத்திப் போடுது."

கதையை மீண்டும் வாங்கிப் படித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. ளகரம் வரவேண்டிய இடமெல்லாம் லகரம், ணகரம் வரவேண்டிய இடமெல்லாம் னகரம். ஓரிடத்திலேனும் தப்பவில்லை. ஆனால் றகரம்? "அறை", "காற்று", "மறந்து" எல்லாமே சரி. லகர ளகரம் அறியாதவர் ரகர றகரத்தில் மட்டும் புலவராக இருப்பது எங்ஙனம்? தெரியாமல் எழுதுபவர் சில இடங்களில் சரியாகவும் சில இடங்களில் தவறாகவும் எழுதுவார். அறியாமை இவ்வளவு ஒழுங்காக வராது.

காரணம் எளியது. அவர் ஆங்கில எழுத்துகளின் வழியே தமிழைத் தட்டும் அஞ்சல் முறையைப் பயன்படுத்துகிறார். அம்முறையில் சிறிய எல் லகரம், பெரிய எல் ளகரம். சிறிய என் னகரம், பெரிய என் ணகரம். சிறிய ஆர் ரகரம், பெரிய ஆர் றகரம். பெரிய எழுத்துக்கு ஷிஃப்ட் விசை வேண்டும். முறையாகத் தட்டச்சு பயின்றவர்கள் வலக்கை எழுத்துகளுக்கு இடப்புற ஷிஃப்டையும், இடக்கை எழுத்துகளுக்கு வலப்புற ஷிஃப்டையும் அழுத்துவார்கள். எல், என் இரண்டும் வலக்கைக்கு உரியவை. ஆர் இடக்கைக்கு உரியது. அவருடைய கணினியில் இடப்புற ஷிஃப்ட் செத்துப்போயிருந்தது. அவ்வளவுதான். அவர் ஒழுங்காகக் கற்ற தட்டச்சே அவரைக் காட்டிக்கொடுத்தது. ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்துபவராக இருந்திருந்தால் எந்த ஷிஃப்டையாவது அழுத்தித் தப்பியிருப்பார்.

இதற்கு முன்பே தேக்காவில் ஒரு பழுது பார்க்கும் கடைக்கு அவர் போயிருக்கிறார். கடைக்காரர் ஆங்கிலத்தில் எல்லா எழுத்துகளையும் ஒருமுறை தட்டிப் பார்த்து, "கீபோர்டு நல்லாத்தான் இருக்கு, தமிழ் போட்டதாலதான் பிரச்சினை" என்று தீர்ப்பளித்து, தமிழ் உள்ளீட்டையே நீக்கி, 20 வெள்ளியும் வாங்கிக்கொண்டாராம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த மனப்பான்மையை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒன்று இயங்காவிட்டால் கணினியில் கோளாறு. தமிழில் இயங்காவிட்டால் தமிழில் கோளாறு!

விசைப்பலகை மக்கர் செய்தால் தமிழை நீக்குமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. திரையின் கீழ்மூலையில் எம்மொழி தேர்வாகியுள்ளது என்று பாருங்கள். விண்டோஸில் சின்னம் பொறித்த விசையோடு இடவெளி விசையை அழுத்தினால் அது மாறும். அறியாமல் மாறியிருப்பதே பாதிச் சிக்கல்களுக்குக் காரணம். வலப்புற ஷிஃப்டை எட்டு வினாடி அழுத்திப் பிடித்துவிட்டால் 'ஃபில்டர் கீஸ்' என்ற வசதி விழித்துக்கொள்ளும். பிறகு விரைவாகத் தட்டுபவை பதியாது. அணுகல்தன்மை அமைப்புகளில் அதை அணைக்கலாம். திரைவிசைப்பலகையைத் திறந்து வைத்து ஒவ்வொரு விசையாக அழுத்துங்கள். ஒளிராத விசை எதுவோ அதுவே நோயாளி. யூ.எஸ்.பி. வழி வேறொரு விசைப்பலகையைச் செருகி அதில் எல்லாம் சரியாக வந்தால், பழுது வன்பொருளில்தான், மென்பொருளில் அன்று. கணினியை அணைத்துச் சாய்த்துப் பிடித்து, விசை இடுக்கில் காற்றடித்தால் தூசியால் நின்ற விசை சிலவேளை உயிர்பெறும். உலோகத் தூசியும் கடற்காற்றும் உள்ள துவாஸில் இதை மாதம் ஒருமுறை செய்தாலும் தகும். அவருடையது இதற்கும் மசியவில்லை. வலப்புற ஷிஃப்டை அழுத்தச் சொன்னேன். "பள்ளி" வந்தது.

இத்துடன் முடித்திருந்தால் இது ஒரு கணினிக் குறிப்பு. ஆனால் அன்று திரும்பும் வழியெல்லாம் வேறொன்று என்னை அரித்தது. ஒரு விசை பழுதானால் தமிழின் இரண்டு மெய்கள் ஆபத்துக்குள்ளாகும் ஏற்பாட்டை நாம் ஏன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம்?

நான் அறிந்த வகுப்பறைகளில் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தின் வழியேதான் தமிழைத் தட்டுகிறார்கள். கற்பித்தவர்களுள் நானும் ஒருவன். எளிது, ஒரே பாடவேளையில் முடியும், புதிதாக எதையும் மனனம் செய்யவேண்டியதில்லை என்பவை நானே பயிற்சிக் கூட்டங்களில் எடுத்துரைத்த காரணங்கள். அதன் விலையைத் தொடக்கநிலை நான்கில் படிக்கும் ஒரு சிறுமி எனக்குச் சொன்னாள். சொல்வதெழுதுதலின்போது அவள் கேட்டாள்: "ஆசிரியரே, வெள்ளிக்கு ஸ்மால் லாவா, கேப்பிட்டல் லாவா?"

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே கிடையாது. ளகரம் லகரத்தின் கொழுத்த வடிவமும் அன்று. நாவின் வேறொரு தொழிலால் பிறக்கும் தனியொலி. அதற்கென்று தனி வரிவடிவம் உண்டு, நெடுங்கணக்கில் தனி இடம் உண்டு. வீட்டில் ஆங்கிலமே புழங்கும் குழந்தைக்கு ல, ள, ன, ண, ர, ற வேறுபாடுகளைக் காதில் ஏற்றவே நாம் ஆறாண்டுகள் போராடுகிறோம். அதே வேறுபாடுகளை விசைப்பலகையில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிடம் அடகு வைத்துவிட்டு, பிறகு பிள்ளைகள் பிழைவிடுகிறார்கள் என்று பேனாவைத் தூக்குகிறோம்.

மாற்று நம் கையருகிலேயே இருக்கிறது. 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதன் பின்னணியில் உழைத்த நா. கோவிந்தசாமி, நம் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். 'கணியன்' மென்பொருளை உருவாக்கியவர். அடுத்த மாநாடு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது. தமிழ்99 விசைப்பலகை அதன் விளைவு. அவ்வாண்டு மே மாதத்திலேயே கோவிந்தசாமி காலமாகிவிட்டார். நான் அக்கழகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அவர் இல்லை.

தமிழ்99 இல் 12 உயிர், 18 மெய், 1 ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளுக்கும் தனித்தனி விசைகள். ஷிஃப்ட் தேவையே இல்லை. உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ளகரம் மேல்வரிசையில், லகரம் கீழ்வரிசையில். னகரத்திற்கும் ணகரத்திற்கும் நடுவே டகரம் உட்கார்ந்திருக்கிறது. "பள்ளி" என்று எழுத ப, ள, ள, இ என நான்கே தட்டு. இரட்டித்த மெய்யின் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். அஞ்சல் முறையில் ஐந்து தட்டு, அதில் இரண்டுக்கு ஷிஃப்டும் வேண்டும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்று கரும்பலகையில் எழுதிப் போடும் பாடத்தை விரல்நுனியிலேயே நடத்துகிறது இந்த விசைப்பலகை. தனி விசை என்பது புதுமையும் அன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணியாற்றிய ரா. முத்தையா வழிவந்த பழைய தட்டச்சுப் பொறியிலேயே லகரமும் ளகரமும் வெவ்வேறு விசைகளில்தான் இருந்தன.

மலேசியாவின் முத்து நெடுமாறனைக் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டா. அவருடைய முரசு அஞ்சல் இல்லாதிருந்தால் என் தலைமுறை ஆசிரியர்களில் பலர் கணினியில் தமிழ் எழுதியிருக்க மாட்டோம். அம்மென்பொருளிலேயே தமிழ்99 உம் இருக்கிறது. இன்றைய விண்டோஸிலும் மாக்கிலும் இரண்டும் உள்ளடங்கியே வருகின்றன. தேர்ந்தெடுத்தது நாம், சோம்பலும் நம்முடையதுதான்.

"பிள்ளைகள் கைப்பேசியில் பேசினாலே எழுத்து வந்துவிடுகிறதே, இனி விசைப்பலகை எதற்கு?" என்று நண்பரொருவர் கேட்டார். பல்லி என்று உச்சரிக்கும் குழந்தைக்குக் கைப்பேசியும் பல்லியைத்தான் எழுதிக் கொடுக்கும். "பாடவேளை போதாது" என்பது இன்னொரு வாதம். நாளொன்றுக்குப் பத்து நிமிடம், ஒரு பருவம். 31 இடங்களை ஒரு குழந்தை அதற்குள் அறிந்துகொள்ளும். ஆங்கில விசைப்பலகையை அவர்கள் கற்றதும் இப்படித்தான். உண்மையில் கற்கத் தயங்குபவர்கள் பிள்ளைகள் அல்லர், என்னையொத்த நாற்பது கடந்தவர்கள்.

அந்தத் தம்பியிடம் போன ஞாயிறு மன்னிப்புக் கேட்டேன். 41 சுழிப்புகளையும் அடித்துவிட்டு, மீண்டும் படித்தபோது எஞ்சிய மெய்யான பிழைகள் மூன்று, மூன்றும் சந்திப்பிழைகள். "அந்த மூணையும் சொல்லுங்க சார்" என்று பேனாவை எடுத்துக்கொண்டார்.

இதனைத் தமிழ்99 இல் தட்டி முடிக்க எனக்கு மூன்று மாலைகள் ஆயின. வினாக்குறி இருக்கும் விசையில்தான் ழகரம் இருக்கிறது என்பது விரலுக்கு இன்னும் பழகவில்லை.